இரண்டு சிரட்டைகள்

சென்ற டிசம்பர் விடுமுறையில் நான் இங்கிலாந்து போய் வந்ததும் தோழிகள் எல்லோரும் கேட்டது பனியைப் பற்றித்தான். பனி விழவில்லை. இருந்த மூன்று வாரமும் லெஸ்டர் நகரில் மழைத்தூறலும் குளிர்காற்றும்தான். மாலை நான்கு மணிக்கு முன்பே மஃரிப் ஆகிவிடும். அந்த நாட்களில் நான் ஒரு பாம்போடு ஒரே அறையில் மூன்று இரவுகள் தங்கினேன் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. அதை விட நம்ப முடியாத ஒன்று உண்டு. அந்தப் பாம்பிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவளாக ஊர் திரும்பினேன். அதை இதுவரை சாய்ந்தமருதில் எங்கள் வீட்டாரைத் தவிர எவரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

சாச்சிக்கு மூன்றாவது பிள்ளை பிறக்க இருந்ததால் உம்மாவும் நானும் உதவிக்காகப் போனோம். சாச்சியின் மூத்த மகனுக்குப் பதினான்கு வயது. அங்கேயே பிறந்தவன். அவன் அறையில் கட்டிலுக்கு எதிரே மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. மீன் என்று நினைத்துக் கிட்டப் போன உம்மா, "என்ட அல்லாஹ்! ஊட்டுக்குள்ள பாம்பையா வளக்கிறான்?" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"அது கடியாது ராத்தா. நஞ்சும் இல்ல" என்று சாச்சி சிரித்தார்.

அதன் பெயர் சம்பல். தேங்காய்ச் சம்பலின் நிறத்தில் இருந்ததால் தம்பி வைத்த பெயர். கோன் ஸ்னேக் என்ற இனம். ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள்தான் அதன் சொந்த மண். எலிகளை இறுக்கிக் கொன்று தின்னும். நன்றாகப் பராமரித்தால் 15, 20 வருடங்கள் வாழும். தம்பியின் வகுப்புத் தோழன் ஒருவனின் குடும்பம் வேறு நாட்டுக்குப் போனபோது கொண்டுபோக வழியில்லாமல் இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

நம் நாட்டில் காட்டிலிருந்து ஒரு பாம்பைப் பிடித்து வந்து இப்படி வளர்க்க முடியாது. வனஜீவராசிகள் சட்டம் குறுக்கே நிற்கும். அங்கே இந்த இனத்தை வைத்திருக்க அனுமதிப்பத்திரம்கூடத் தேவையில்லை. ஆனால் 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், எந்தப் பிராணியை வளர்ப்பவரும் அதற்குத் தகுந்த இருப்பிடமும் உணவும் கொடுத்து, நோவிலிருந்தும் காயத்திலிருந்தும் அதைக் காக்க வேண்டும் என்கிறது. சாச்சப்பா அந்தப் பாம்பை வீட்டுக்குள் எடுக்க ஒத்துக்கொண்டபோது தம்பியிடம் போட்ட நிபந்தனையும் அதுதானாம்: "அமானிதமா வாங்கின சாமான். கடைசி வரைக்கும் நீதான் பாக்கணும்."

அடுத்த திங்கட்கிழமை தம்பி பாடசாலைப் பயணமாக நான்கு நாட்கள் வேல்ஸுக்குப் போக இருந்தான். சாச்சி பிள்ளையோடு வைத்தியசாலையிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சாச்சப்பாவுக்கு இரவு வேலை. உம்மா அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் ஆயத்துல் குர்ஸி ஓதினார். மிஞ்சியது நான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள் என்ற பெருமையும் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

"ராத்தா, நீங்க தூக்கவே தேவல்ல. தீன் நேத்தே குடுத்துட்டேன். தண்ணி மாத்துங்க, சூட்டைப் பாருங்க, அவ்வளவுதான்" என்று தம்பி எல்லாவற்றையும் காட்டினான்.

தொட்டியின் ஒரு முனைக்கு அடியில், கண்ணாடிக்கு வெளியே, ஒரு மெல்லிய சூட்டு விரிப்பு இருந்தது. மின்சாரத்தில் இயங்குவது. அந்த முனையில் 30 பாகை செல்சியஸ் அளவு இருக்க வேண்டும். மறு முனையில் எதுவும் இல்லை. அங்கே 22, 23 பாகை. சூட்டு முனையில் தேங்காய்ச் சிரட்டை ஒன்று, குளிர் முனையில் இன்னொன்று. இரண்டின் விளிம்பிலும் பாம்பு நுழைய வாசல் வெட்டியிருந்தான். நடுவில் தண்ணீர்க் கோப்பை. அடியில் மெல்லியதாக மரச்சீவல்.

சூட்டு விரிப்பு நேரே சுவரில் மின்னிணைப்புக்குப் போகவில்லை. இடையில் தெர்மோஸ்டாட் என்ற சிறு பெட்டி. அதிலிருந்து நீண்ட வயரின் நுனியில் விரல் நுனியளவு உணரி ஒன்று, விரிப்புக்கு நேர் மேலே தொட்டிக்குள் டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. "நம்மட அயன் பொக்ஸ் மாதிரித்தான் ராத்தா. சூடு காணாட்டி சிவப்பு லைட் எரியும். கண்டா அணையும். எரியும், அணையும். அப்படித்தான் இரிக்கணும்" என்றான்.

பிறகு ஒரு விடயத்தை அழுத்திச் சொன்னான். "சாப்பிட்டிருக்கு. சூடு இல்லாட்டி அதுக்குச் செமிக்காது. கக்கிப் போடும்."

பாம்பு குளிர்க்குருதி விலங்கு என்று நாம் பரீட்சைக்கு எழுதுகிறோம். நாம் உண்ட சோற்றிலிருந்து உடலுக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறோம். பாம்பு அதை வெளியிலிருந்து எடுக்க வேண்டும். காலையில் வெயில் பட்ட கல்லின் மேல் கிடக்கும். உடம்பு போதிய அளவு சூடானதும் புதருக்குள்ளோ மண்ணுக்குள்ளோ போய்விடும். நாள் முழுவதும் இப்படி வெயிலுக்கும் நிழலுக்கும் போய் வந்துதான் தன் உடலைச் சரியான சூட்டில் வைத்துக்கொள்கிறது. இதையும் நான் படித்திருந்தேன். ஆனால் அன்று என் மனதில் பதிந்தது தம்பி கடைசியாகச் சொன்ன வார்த்தை மட்டும்தான். சூடு இல்லாவிட்டால் செமிக்காது.

செவ்வாய்க்கிழமை மாலை சூட்டு முனையில் அசுத்தம் கிடப்பதைக் கண்டேன். பாம்பு மறு முனையில் குளிர்ச் சிரட்டைக்குள் சுருண்டிருந்தது. பிஸ்மி சொல்லிக் கையுறை போட்டுக்கொண்டு சீவலை அள்ளி எடுத்தேன். டேப் கழன்று உணரியும் கூடவே வந்தது. அதைத் தொட்டியின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டேன். முடித்துவிட்டு ஒட்டலாம் என்று நினைத்தேன்.

வெளியே இரண்டு பாகை குளிர். எரிவாயுச் செலவைப் பார்த்து இரவு பத்து மணிக்கே வீட்டின் வெப்பமூட்டியை அணைத்துவிடுவார்கள். எனக்கே இரண்டு போர்வை போதவில்லை. இந்தப் பிராணி என்ன செய்யும் என்று பாவமாக இருந்தது. புதுச் சீவலைத் தாராளமாக, நான்கு விரல் கனத்துக்குப் போட்டேன். பிறகு குளிர்ச் சிரட்டையைப் பாம்போடு சேர்த்து மெதுவாகச் சூட்டு முனைக்குத் தள்ளி, மற்றச் சிரட்டையின் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் சூட்டில். அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

கீழே குழந்தை அழுதது. உம்மா கூப்பிட்டார். போனேன். உணரி வெளியே தொங்கியபடியே இருந்தது.

இரவு படுக்கும்போது தெர்மோஸ்டாட்டின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் அது ஒரு துணை போலவும் இருந்தது. நன்றாக வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டு தூங்கிப்போனேன். அது ஏன் ஒருமுறைகூட அணையவில்லை என்று யோசிக்கவில்லை.

சுபஹுக்கு எழுந்தபோதும் அது எரிந்துகொண்டிருந்தது. மின்குமிழைப் போட்டேன். பாம்பு தண்ணீர்க் கோப்பைக்குள் முழுதாக இறங்கித் தலையை மட்டும் வெளியே வைத்திருந்தது. முன்பு நான் அதை அப்படிக் கண்டதில்லை. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அது போன்ற துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்றைத் தம்பி மேசையில் வைத்திருந்தான். சீவலை விலக்கிக் கண்ணாடியின் மேல் பிடித்தேன். 45 பாகை.

வயரைப் பிடுங்கினேன். கை நடுங்கியது. தொங்கிக்கொண்டிருந்த உணரியைக் கண்டதும் எல்லாம் விளங்கிவிட்டது. அது இரவு முழுவதும் அறையின் குளிரை அளந்து, இன்னும் சூடு காணாது, இன்னும் காணாது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. விரிப்பும் அதைக் கேட்டு ஓயாமல் எரிந்திருக்கிறது. நான் கனமாகப் போட்ட சீவல் அந்தச் சூட்டை வெளியேற விடாமல் அடியில் பிடித்து வைத்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் பாம்பு கோப்பையை விட்டு வந்து முன் கண்ணாடியில் நிமிர்ந்து ஏறியது. அதன் வயிற்றுப் பக்கத்தை அப்போதுதான் கண்டேன். வெள்ளைச் செதில்களில் நான்கைந்து பழுப்புச் சிவப்பாக மாறியிருந்தன.

அன்று முழுவதும் நான் எவரிடமும் சொல்லவில்லை. சின்னச் சிவப்புத்தானே, மாறிவிடும். தம்பி வந்து பார்த்தாலும் எப்படி வந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உணரியைத் திரும்ப ஒட்டினேன். அறையும் தொட்டியும் பழையபடி இருந்தன. பாம்பு முனகவில்லை, அழவில்லை. அது சத்தமில்லாத பிராணியாக இருந்தது எனக்கு வசதியாகப் போய்விட்டது. இதை எழுதும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மத்ரஸாவில் சிறு வயதிலேயே நாமெல்லாம் கேட்ட ஹதீஸ் ஒன்று உண்டு. ஒரு பெண் பூனையை அடைத்து வைத்தாள். தானும் உணவு கொடுக்கவில்லை, அது வெளியே போய்த் தேடித் தின்னவும் விடவில்லை. அதற்காகத் தண்டிக்கப்பட்டாள். இஷா தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அந்தச் சம்பவத்தின் இரண்டாம் பாதி எனக்கு உறைத்தது. தேடிப் போகவும் விடவில்லை. சூடு தாங்காமல் ஓடுவதற்கு ஓர் இடம் சம்பலுக்கு இருந்தது. அந்த நிழலை எடுத்து நெருப்பின் மேல் வைத்தவள் நான்.

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சாச்சப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்கு வந்து பார்த்தார். "எத்தின மணிக்குக் கண்டீங்க மகள்?"

"சுபஹுக்குப் பொறகு."

"இப்ப இஷாவும் முடிஞ்சி."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை இரவு வேலை முடிந்து வந்தவர், தூங்காமலே எங்களை மிருக வைத்தியரிடம் கூட்டிப் போனார்.

அந்தப் பெண் வைத்தியர் புண்ணைத் துப்புரவு செய்து களிம்பு பூசி, வலிக்கு ஊசி போட்டார். இப்படியான தீக்காயம் முதல் நாளில் முழுமையாகத் தெரியாது, சில நாட்களின் பின்தான் அளவு தெரியும் என்றார். சீவல் புண்ணில் ஒட்டும் என்பதால் சில வாரங்களுக்குச் சமையலறைத் தாளை விரிக்கச் சொன்னார். ஏன் அது உடனே விலகிப் போகவில்லை என்று கேட்டேன்.

அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். பாம்புக்குச் சூடு மேலிருந்து வருவதுதான் பழக்கம், வெயில் மேலிருந்துதானே வருகிறது? தாங்க முடியாவிட்டால் அது கீழே, மண்ணுக்குள் போகும். நாம் அடியில் சூட்டை வைத்தால் அது தப்பிக்க இறங்க இறங்கச் சூட்டுக்குத்தான் கிட்டப் போகிறது. அடியில் வரும் சூட்டைத் தாமதமாக உணரும் பாம்புகளும் உண்டு. அதோடு, ஒளிந்திருக்கும் இடத்தை விட்டு வெட்டவெளிக்கு வருவது அதற்குப் பெரிய பயம். ஒளிவிடம் சூட்டில் மட்டும் இருந்தால், ஒளிந்து வேகுவதா, வெளியே வந்து பயப்படுவதா என்று அது தெரிவு செய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் இரண்டு முனையிலும் ஒளிவிடம் வைக்க வேண்டும்.

தம்பி இரண்டு சிரட்டை வைத்ததற்குக் காரணம் இருந்தது. நான் அவற்றை அழகுக்கு வைத்தவை என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலை தம்பி வந்தான். பையை இறக்கும் முன்பே வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவன் முகம் வெளிறியது. என்னைத் தாண்டி மாடிக்கு ஓடினான். பின்னால் போன நான் கதவடியிலேயே நின்றேன். அவன் வெகுநேரம் தொட்டியின் முன்னால் முழங்காலில் இருந்தான். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"டேப்பால ஒட்டினது என்ட பிழைதான் ராத்தா. கழரும் எண்டு தெரியும். மாத்தணும் மாத்தணும் எண்டு இருந்தேன்."

திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவனும் நானும் சேர்ந்து எல்லாவற்றையும் திரும்ப அமைத்தோம். உணரியை இம்முறை தொட்டிக்கு வெளியே, விரிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து இறுக்கினோம். இனி யார் துப்புரவு செய்தாலும் அது இடம் மாறாது. தொட்டிக்குள் டேப் பாவிப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். பாம்பின் செதிலில் ஒட்டினால் தோலையே பிய்த்துவிடுமாம். தெர்மோஸ்டாட்டின் சொல்லை மட்டும் நம்பாமல், இரண்டு முனையிலும் தனித்தனி வெப்பமானி வைத்தோம். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். விரிப்புக்கு மேலே தாள் மெல்லியதாகவே இருக்கட்டும் என்று ஒரே மடிப்பாக விரித்தோம். ஒரு சிரட்டை இந்த முனை, ஒரு சிரட்டை அந்த முனை.

சில வீடுகளில் விரிப்புக்குப் பதிலாகச் சூட்டு மின்குமிழ் பாவிப்பார்கள். அதற்குக் கம்பிக்கூடு போடாவிட்டால் பாம்பு அதிலேயே சுற்றிக்கொண்டு வெந்துபோகும் என்று தம்பி சொன்னான். உள்ளே வைக்கும் சூட்டுக் கல் என்று ஒன்றும் விற்கிறார்கள். அது ஒரே இடத்தில் அளவு மீறிச் சூடாகும் என்பதால் அவன் வாங்குவதேயில்லை. கடைசியாக அவன் ஒரு பழக்கத்தைச் சொல்லித் தந்தான். எதையாவது தொட்டால் சிவப்பு லைட் இரண்டு தரம் எரிந்து அணையும் வரை அறையை விட்டுப் போகக் கூடாது. நாங்கள் இருவரும் நிலத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. ஒரு வெளிச்சம் அணைவதைக் கண்டு அவ்வளவு நிம்மதி எனக்கு வந்ததில்லை.

ஊர் திரும்பியபோது ஜனவரி மழை. உம்மும்மா பதினைந்து கோழிக்குஞ்சுகள் வாங்கிப் பெரிய மட்டைப்பெட்டிக்குள் விட்டு, மேலே மின்குமிழ் தொங்கவிட்டு, ஈரக்காற்றுப் படாமல் பெட்டியின் வாயைச் சாக்கால் முழுதாக மூடியிருந்தார். நான் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சுவாங்கிக்கொண்டு ஓரங்களில் ஒட்டி நின்றன. குமிழிலிருந்து அரைச் சாண் தூரத்தில் சாக்கு கருகிய மணம் வந்தது.

சாக்கை எடுத்தேன். "என்ன புள்ள செய்யிறாய்? பச்சக் குஞ்சிகள், குளிருமே!" என்றார் உம்மும்மா.

"ஒரு பக்கம் சூடு இரிக்கட்டும் உம்மும்மா. மத்தப் பக்கத்த அதுகளுக்கு விடுவம்."

குமிழைப் பெட்டியின் ஒரு முனைக்கு மாற்றி, கயிற்றை நம்பாமல் கம்பியால் கட்டினேன். கம்பி வலையால் அதற்கு ஒரு கூடு போட்டேன். தண்ணீரை மறு முனையில் வைத்தேன். முதல் வாரக் குஞ்சுக்குக் குமிழின் கீழ் 32 முதல் 35 பாகை வரை போதும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகையளவு குறைத்துக்கொண்டு வரலாம். வெப்பமானி இல்லாத வீட்டில் குஞ்சுகளே வெப்பமானி. குமிழின் கீழே குவிந்து கத்தினால் குளிர்கிறது. எல்லாம் விலகி ஓரத்தில் நின்றால் சூடு கூடிவிட்டது. பெட்டியெங்கும் பரவித் திரிந்தால் சரியாக இருக்கிறது.

உம்மும்மாவும் நானும் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ஆறேழு குஞ்சுகள் குமிழின் கீழே படுத்தன. இரண்டு தண்ணீருக்குப் போயின. மற்றவை நடுவில் கொத்திக்கொண்டு திரிந்தன.

"அப்ப அதுகளுக்கே தெரியுது" என்றார் உம்மும்மா. பிறகு, லெஸ்டர் கதையைக் கேட்ட நாளிலிருந்து பாம்பின் பேரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்ளும் அவர், மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பாம்புக்கு இப்ப சொகமா?"

கைத்தொலைபேசியில் தம்பி அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன். சம்பல் சட்டை கழற்றியிருந்தது. வயிற்றில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இன்னும் சில தரம் சட்டை கழற்றினால் மங்கிவிடும் என்று வைத்தியர் சொன்னாராம். படத்தின் ஓரத்தில், குளிர் முனையில், சிரட்டையின் வாசலால் அதன் வால்நுனி மட்டும் தெரிந்தது.